எட்டு மணி பத்து நிமிடம்

கஃபர் லோஸ், ஷூஃப் மலை
3 மார்ச் 1997

உம் நிஸாருக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் இன்சாஃப். கஃபர் லோஸில் எண்ணெய்ச் செக்குக்கு மேலே இருக்கிற வீடு. கணவர் கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். மூன்று பெண்களுக்குப் பிறகு ஒரு பையன் பிறந்தான். அன்றோடு என் பெயர் போய் உம் ஹாதி ஆகிவிட்டேன், ஹாதியின் தாய். உங்கள் பெய்ரூத் முகவரியை உங்கள் ஊர் ரொட்டிக்கடையில் கேட்டு வாங்கினேன். தபாலை நம்பி அனுப்பினால், போர் முடிந்து இத்தனை வருடமாகியும், எந்த வருடம் வந்து சேருமோ, அதனால் டாக்சிக்கார அபு ஃபஹ்த் கையில் கொடுத்திருக்கிறேன். அவருக்கு வாய் நீளம். ஆனால் ஒட்டிய கவரைப் பிரிக்கிற ஆள் இல்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று நாலு நாளாக யோசித்தேன். ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். என் ஹாதி பேசுகிற பிள்ளை.

உங்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ஓர் இடத்தில் மூச்சு நின்ற அதே நிமிஷம் அது இன்னொரு வீட்டில் பிறக்கிற பிள்ளைக்குள் வந்துவிடுகிறது என்று நாம் எல்லாரும் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவர்கள்தானே. மற்ற பிள்ளைகள் மறந்துவிட்டு வருகின்றன. சிலது மறக்காமல் வந்துவிடுகின்றன. என் தலையெழுத்து, இவன் மறக்காமல் வந்தான்.

இரண்டரை வயதில் ஆரம்பித்தான். நான் ஊட்டிக்கொண்டிருந்தேன். தட்டைத் தள்ளிவிட்டு, "நீ எங்கம்மா இல்ல" என்றான். "பின்ன யார்றா உங்கம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். "ரிஹாப்" என்றான். ஆப்பிள் தோட்டம், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குளம், தகர டின்னில் ரோஸ்மேரி, ஏரோப்பிளேனில் போய்விட்ட அப்பா, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அதிலிருந்து இன்றுவரை என்னை அம்மா என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. வேண்டுமென்றால் என் பாவாடையைப் பிடித்து இழுப்பான்.

எங்கள் ஊர் மதப் பெரியவர் ஷேக்கிடம் போனோம். விசாரித்து உங்கள் ஊரையும் நிஸாரையும் கண்டுபிடித்தது அவர்தான். ஆனால் மணி பொருந்தவில்லை என்று விட்டுவிட்டார். ஹாதி பிறந்தது 1993 அக்டோபர் 14, காலை எட்டு மணி பத்து நிமிடம். மருத்துவச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னதை என் மாமியார் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் நிஸார் போனதும் அதே நாள்தான், ஆனால் மதியம் ஒரு மணிக்கு என்று ஊரே சொல்கிறது. ஐந்து மணி நேரம் ஓர் உயிர் அந்தரத்தில் நிற்காது, ஆகவே இது உங்கள் பிள்ளை இல்லை என்றார் ஷேக். எனக்கும் அப்போது பெரிய நிம்மதி.

பிள்ளை மட்டும் விடவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகள் பழைய தாயை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அடங்கிவிடும் என்பது உங்களுக்கும் தெரியும். ஒரே ஒரு நாள் வந்துபோங்கள். மதியச் சாப்பாடு நம் வீட்டில்.

இன்சாஃப்


பெய்ரூத்
11 மார்ச் 1997

இன்சாஃப் அவர்களுக்கு,

என்னை உம் நிஸார் என்று எழுதாதீர்கள். மூன்றரை வருடமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மருத்துவமனையில் நர்ஸ் ரிஹாப், அவ்வளவுதான்.

உங்கள் ஷேக் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். என் மகன் மதியம் ஒரு மணிக்கு இறந்தான். ஒரு நிமிடத்துக்கு முன்புவரை சமையலறை வாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நான் துணி உலர்த்தப் போய்த் திரும்புவதற்குள் குளத்தில் கிடந்தான். ஊரே சாட்சி. உங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மீதியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மறுபடி எழுதாமல் இருப்பதற்காக. நான் நம் மதத்தை விட்டுப் போகிறேன். பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே ட்ரூஸ் என்று இருப்பதை மாற்ற எழுதிக் கொடுத்தாயிற்று. இந்த நகரத்தில் மதங்களுக்கா பஞ்சம். இரண்டு வருடம் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினேன். என் அண்ணன் கேட்டான், "தக்காளி பொறுக்குற மாதிரி பொறுக்குறியா? அமுக்கிப் பாத்தியா, காயா பழமான்னு?" ஆமாம், அமுக்கித்தான் பார்த்தேன். போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டேன். இறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

ஒருவர் மண்ணுக்குள்ளே என்றார். ஒருவர் உறக்கத்தில் என்றார். ஒருவர் அது நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றார், அவரை எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அந்தப் பதிலோடு வீட்டுக்குப் போக முடியவில்லை. கடைசியில் அஷ்ரஃபியேவில் ஆர்த்தடாக்ஸ் கோயில் பாதிரியார் ஜிர்ஜிஸிடம் கேட்டேன். மெழுகுவர்த்தி எரிந்து மிஞ்சிய மெழுகைச் சுரண்டிக்கொண்டே, "காத்துட்டு இருக்காங்கம்மா" என்றார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம் மதம் என்ன சொல்கிறது? என் பிள்ளை அந்த நிமிடமே என்னை உதறிவிட்டு வேறொருத்தி மடிக்குப் போய்விட்டான் என்கிறது. பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாத, அவன் எங்கயோ பால் குடிச்சிட்டு இருப்பான்" என்றார்கள். அது ஆறுதலாம். எனக்கு என் பிள்ளை என் பிள்ளையாகவே செத்திருக்க வேண்டும். எங்காவது ஓர் இடத்தில் நிஸார் என்ற பெயரோடேயே நிற்க வேண்டும், நான் போய்ச் சேரும்வரை. அதைத் தருகிற மதத்தை எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 26, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை, எனக்கு ஞானஸ்நானம். நான் வந்து உங்கள் பிள்ளையைப் பார்த்தால் அத்தனையும் பொய்யாகிவிடும். வரமாட்டேன்.

ரிஹாப்


கஃபர் லோஸ்
21 மார்ச் 1997

ரிஹாப் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி பெயரை எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மதத்தைத் தேர்ந்தெடுப்பதா என்று ஆச்சரியமாக இருந்தது. கட்டிக்கொள்ளும் புருஷனையே தேர்ந்தெடுக்க என்னை விடவில்லை, வந்தவர் நல்ல மனுஷனாக இருந்தது என் அதிர்ஷ்டம். நம் மதத்தில் வெளியே போகிறவர்களுக்குத்தான் கதவு, திரும்பி வர நினைத்தால் கதவு இருந்த இடத்தில் சுவர் இருக்கும். அதை யோசித்தீர்களா? திட்டுவதாக நினைக்காதீர்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லட்டுமா. வேறொருத்தி மடிக்குப் போய்விட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வேறொருத்தி நான்தான். அவன் என் மடிக்கு இன்னும் வரவில்லை.

குளிப்பாட்டத் தண்ணீர் மொண்டால் உடம்பு விறைத்துவிடுகிறது. அழுவதில்லை, அழுதால்கூடப் பரவாயில்லை. கண்ணை மூடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்குகிறான். எண்ணிப் பார்த்திருக்கிறேன். நான் பயந்துபோய் உலுக்கும்வரை விடமாட்டான். ஈரத் தலையோடு என்னைப் பார்த்து, "இவ்ளோ நேரந்தான்" என்கிறான். என் பெண்கள் அவனோடு ஒரே கட்டிலில் படுக்கமாட்டேன் என்கிறார்கள்.

இன்னொரு கூத்து. காலையில் எழுந்ததும் தானே ஷூ மாட்டுகிறான், தினமும் இடம் வலம் மாற்றி. வலது கால் ஷூ இடது காலில். சரி செய்யப் போனால் வீடே இரண்டாகிறது. பெரியவள் ரீமா நேற்று கிண்டல் செய்தாள், "டேய், வாத்து மாதிரி நடக்குறடா." அவன் திரும்பி, "இப்படித்தான் போனேன்" என்றான். அப்புறம் அவள் கிண்டல் செய்யவில்லை.

உங்கள் புதுச் சாமியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வந்துபோகக் கூடாதா?

இன்சாஃப்


பெய்ரூத்
29 மார்ச் 1997

ஷூவைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னார்கள்?

மாஹிர் சொல்லியிருக்க முடியாது. என் கணவராக இருந்தவர் அன்றைக்கு குவைத்தில் இருந்தார், அடக்கத்துக்கே மறுநாள்தான் வந்தார். அவர் இப்போது உங்களை வைத்து என் வாயைக் கிளறப் பார்க்கிறாரா? அப்படியென்றால் அவரிடம் சொல்லுங்கள், பிரிந்த பிறகு எனக்கும் அவருக்கும் பேச ஒன்றுமில்லை.

இல்லையென்றால் யார்? அந்த இடத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை.

இனி அபு ஃபஹ்த் கொண்டுவரும் எதையும் வாங்கமாட்டேன். இரவுப் பணிக்கு நடுவில் இதை எழுதுகிறேன். என் மகன் ஒரு மணிக்குத்தான் இறந்தான்.

ரிஹாப்


கஃபர் லோஸ்
5 ஏப்ரல் 1997

ரிஹாப்,

வாங்கமாட்டேன் என்றாலும் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வரும்படி அபு ஃபஹ்திடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கணவரை எனக்குத் தெரியாது. குவைத் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. என்னை யாரும் அனுப்பவில்லை. இந்த வார்த்தைக்கு உங்கள்மேல் கோபப்பட வேண்டும், பட்டேன், செவ்வாய்க்கிழமை அந்தக் கோபமெல்லாம் போய்விட்டது.

செவ்வாய் காலை மாவு பிசைந்துகொண்டிருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. பிள்ளைகள் இருக்கும் வீடு அமைதியாக இருந்தால் எந்தத் தாயும் கையைக் கழுவ நிற்கமாட்டாள். மாவுக் கையோடு ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் திராட்சைக் கொடிக்குக் கட்டியிருக்கிற தண்ணீர்த் தொட்டி, இடுப்பளவு சுவர். அதன்மேல் நின்றுகொண்டிருந்தான். ஷூ மாற்றிப் போட்ட கால்கள், விரல்நுனி வெளியே. கூப்பிட்டால் விழுந்துவிடுவானோ என்று சத்தம் போடாமல் பின்னால் போய் அள்ளினேன். மாவுக் கையோடேயே இறுக்கிக்கொண்டேன். அவன் நிதானமாக இருந்தான்.

"என்னடா பண்ற இங்க?" என்றேன்.

"திரும்ப உள்ள போனா அவ வருவா" என்றான். "போன தடவ வந்தா. லேட்டா வந்தா, ஆனா வந்தா."

அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை. நான்கு நாளாக ஒரு சொல் இல்லை. என் பாவாடையின் நுனியை என் பெண்கள் முறைபோட்டு அவன் இடுப்போடு முடிந்து வைக்கிறார்கள், நான் எங்கே போனாலும் அவனும் வருகிறான். எத்தனை நாள் இப்படிக் கட்டி வைப்பேன்? ஒரு நிமிஷம் போதும் என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் எதை நம்பினாலும் நம்புங்கள். நம்பாமலேயே வாருங்கள். நாலு மதத்தைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு இரண்டு வருடம் கிடைத்தது. எனக்கு அவ்வளவு நேரம் இல்லை.

இன்சாஃப்


பெய்ரூத்
13 ஏப்ரல் 1997

இன்சாஃப்,

ஒரு நிமிடம் இல்லை. ஐந்து மணி நேரம்.

இதை யாருக்கும் சொன்னதில்லை. மாவட்டத் தலைநகரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மாஹிர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார், அவர் தாயிடமும் சொல்லி வைத்திருந்தார். அன்று மாமியார் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். எனக்குக் கிடைத்த ஒரே நாள். நிஸாருக்கு ஆறு வயது, ஒன்பது மணிக்கு முன்னால் எழாத பிள்ளை. ஏழரைக்குக் கிளம்பினேன். ஒன்பதுக்குள் வந்துவிடலாம் என்று கணக்கு. அங்கே உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்தே இருந்தேன். பிள்ளை தூங்குகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தரை மணிக்கு அதை நம்புவதை நிறுத்தியிருக்க வேண்டும்.

பன்னிரண்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். படுக்கை காலி. குளத்தில் பார்த்தேன். நான் நர்ஸ் வேலைக்குப் படித்தவள், தொட்டதும் தெரிந்துவிட்டது, இது இப்போது நடந்ததில்லை என்று. ஆனால் எட்டு மணி என்று எனக்குத் தெரியாது. உங்கள் முதல் கடிதத்தில்தான் தெரிந்தது. கதவை மூடிய அரைமணி நேரத்தில் எழுந்திருக்கிறான். உங்கள் கடிதம் வந்த அன்று முதல் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஷூ இடம் வலம் மாறியிருந்தது. தாய் வீட்டில் இருந்தால் பிள்ளை ஷூ அப்படி இருக்காது. ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன்னால், அழுவதற்கு முன்னால், அதைக் கழற்றிச் சரியாக மாட்டினேன். நனைந்த ஷூ, நாடா இறுகிவிட்டிருந்தது, பல்லால் அவிழ்த்தேன். உள்ளே போய், வெளியில் போய்வந்த உடுப்பை மாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன். ஒரு நிமிஷம் திரும்புவதற்குள் என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள், எனக்காக அழுதார்கள். மாஹிர்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை அவரோடு இருந்திருப்பேன்.

மதத்தைத் தேர்ந்தெடுத்த கதையை உங்களுக்குப் பாதிதான் எழுதினேன். பாதிரியாரிடம் இரண்டாவதாக ஒன்றும் கேட்டேன். "ஞானஸ்நானம் எல்லாப் பாவத்தையும் கழுவிடுமா?" என்றேன். "எல்லாத்தையும்" என்றார். "அதை முன்னாடியே யார்கிட்டயாவது சொல்லியாகணுமா?" என்றேன். "கடவுளுக்குத் தெரியாததா? உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க" என்றார் அந்த நல்ல மனிதர். சொல்லாமலேயே போய்விடும் என்று எடுத்துக்கொண்டேன். அதற்காகத்தான் சேர்ந்தேன். நம் மதத்தில் அது நடக்காது. அங்கே என்னை மன்னிக்க வேண்டியவன் உயிரோடு இருக்கிறான், மலைமேல் ஒரு வீட்டில், மூன்றரை வயதில், வாயைத் திறந்து சொல்லக்கூடியவனாக.

இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். ஷேக்கிடம் காட்டினால் மணி பொருந்திவிடும்.

ரிஹாப்


கஃபர் லோஸ்
18 ஏப்ரல் 1997

ரிஹாப், என் சகோதரி,

உங்கள் கடிதத்தை ரொட்டி அடுப்பில் போட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. மணி பொருந்தவில்லை என்றே இருக்கட்டும்.

நான் யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். ஹாதி உங்கள் பெயரைச் சொன்ன முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டான், எழுந்தான், கூப்பிட்டான், அம்மா இல்லை, தோட்டத்தில் தேடப் போனான் என்று. முதல் கடிதத்தில் எட்டு மணி பத்து நிமிடம் என்று காரணத்தோடுதான் எழுதினேன். ஷூவையும் காரணத்தோடுதான் எழுதினேன். உங்களை மாட்டிவிட இல்லை, இவன் சொல்வது நிஜமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வாருங்கள் வாருங்கள் என்று எழுதிவிட்டு, வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன். உங்களைப் பார்த்தால் என்னை அவன் மறுபடி பார்ப்பானா என்று பயம். இப்போதும் பயம்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

நேற்று வாயைத் திறந்தான். நான் உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எழுத்தை அவனுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் வந்து நின்று, "அவ பல்லால அவுத்தா" என்றான். "நாடாவ. அவ வாய் சூடா இருந்துச்சு."

ரிஹாப், அவன் எட்டு மணி பத்து நிமிடத்துக்கு என் கையில் இருந்தான். மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்தாள், அழுதான், நான் பார்த்தேன். மதியம் என் மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தான். அப்படியென்றால் ஒரு மணிக்கு உங்கள் வாய் சூடாக இருந்தது என்பதை அங்கே இருந்து பார்த்தது யார்? ஓர் உயிர் அந்தரத்தில் நிற்காது என்று ஷேக் சொன்னார். நான் அவரிடம் இதைக் கேட்கமாட்டேன், அவரிடம் பதில் இருக்காது. உங்கள் பாதிரியாரிடமும் இருக்காது என்று நினைக்கிறேன். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எல்லாமும் இங்கே வந்து சேரவில்லை. கொஞ்சம் அங்கேயே நின்றுவிட்டது, நீங்கள் திரும்பி வருகிற வரைக்கும், பிறகுதான் இங்கே வந்தது. அந்தக் கொஞ்சத்தைத்தான் மூன்றரை வருடமாக நான் குளிப்பாட்டுகிறேன்.

கோபமாக இருக்கிறானா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயம் என்று தெரியும். நான் கேட்டேன். "அம்மா மேல கோவமாடா?" என்றேன். அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அவ இன்னும் வரல" என்றான்.

காலையில் எழுந்ததும் அவன் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்குப் போகிறான். மழையானாலும் போகிறான். அப்போது மட்டும் இடுப்பு முடிச்சை அவிழ்த்துவிடுகிறோம், என் பெண்களில் ஒருத்தி பார்த்துக்கொள்வாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நிற்பான். ஓரிரு மணி நேரம். பிறகு நான் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன்.

இன்சாஃப்


பெய்ரூத்
22 ஏப்ரல் 1997

உம் ஹாதிக்கு,

பாதிரியார் ஜிர்ஜிஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை வேண்டாம், தள்ளி வையுங்கள் என்றேன். "எவ்ளோ நாளைக்கு?" என்றார். தெரியாது என்றேன். தண்ணீர் எங்கேயும் போய்விடாது, போய்விட்டு வாருங்கள் என்று சொல்லி, ஆசீர்வதித்த ரொட்டி ஒன்றைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

நான் திரும்ப நம் மதத்துக்கு வருகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பிள்ளை என் பிள்ளை என்று இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்த பிறகு, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டு நாளாக வாயைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். என் மருத்துவமனைப் பெண்கள் பல்வலியா என்று கேட்கிறார்கள்.

எனக்குப் பொருந்துகிற மதத்தைத் தேடி இரண்டு வருடம் அலைந்தேன். ஒன்றில் அவன் என்னை மறந்துவிட்டுப் போகிறான், இன்னொன்றில் எனக்காகக் காத்திருக்கிறான், ஆகவே இரண்டாவதை எடுத்துக்கொள் என்று என் கணக்கு இருந்தது. கணக்கு தப்பு. இரண்டிலும் அவன் காத்துக்கொண்டுதான் நிற்கிறான். ஒன்றில் நான் சாகும்வரை நிற்க வேண்டும். இன்னொன்றில், மலைக்கு வண்டி கிளம்பும் கோலா சந்திப்பில் ஆறு மணி வண்டியைப் பிடித்தால் போதும்.

ஷேக்கிடம் போய்ச் சொல்லிவிடுங்கள், மணி பொருந்துகிறது, ஒரு மணி என்று சொன்னவள் பொய் சொன்னாள் என்று. என் ஊருக்கும் அவர் சொல்லட்டும். ஒளித்து வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. உங்கள் பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு போய்விடமாட்டேன், அந்தப் பயத்தை விடுங்கள். அவன் உங்களை அம்மா என்று கூப்பிடும்வரை, எத்தனை நாளானாலும், வாரா வாரம் வந்து உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்ட பிறகு வரச் சொன்னால் வருவேன், வேண்டாம் என்றால் இல்லை.

வியாழக்கிழமை வருகிறேன். அபு ஃபஹ்த் வண்டிதான், முன் இருக்கை. அன்று காலை கேட்டருகே அவன் நின்றால் நிற்கட்டும். உள்ளே கூப்பிடாதீர்கள்.

ரிஹாப்